எது கூடுதல்

பூவில் இருந்தால் அடையாளம், கையில் இருந்தால் குறை. அதே வார்த்தைதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை. முத்துப்பேச்சி காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். வைத்த கை வெளியே வருவதற்குள் மறுபடி எடுத்து விரித்தாள். காவலர் வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தகுதியில்லை என்று மூன்று வாரத்துக்கு முன்னால் வந்த காகிதம். காரணம் என்று அச்சடித்திருந்த கோட்டின் மேல் யாரோ ஒரு டாக்டர் பச்சை மையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: பைஃபிட் தம்ப், இடது. மூன்றே வார்த்தை. எழுத அவருக்கு நாலு நொடி ஆகியிருக்கும். எழுதும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்து நின்ற பெண்ணிடம் வாயைத் திற என்று சொல்லிக்கொண்டே எழுதினார். இன்றைக்கு மேல்முறையீடு. பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி வராந்தாவில், மருத்துவக் குழு கூடும் அறைக்கு எதிரே, மூன்று பேர் உட்காரும் இரும்பு நாற்காலியின் ஓரத்தில் ஒன்பதரை மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். மணி பதினொன்றே முக்கால். அந்தக் கதவுக்குள் போய்த் தகுதி என்று எழுதி வாங்கிவிட்டால் வேலை. இல்லையென்றால் அடுத்த தேர்வு அறிவிப்பு வருவதற்குள் அவளுக்கு வயது தாண்டிவிடும். நடுவில் வேறு எதுவும் கிடையாது. மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தாள். பெருவிரல் அடியில் ஒன்றாகத்தான் புறப்படுகிறது. கணுவைத் தாண்டியதும் கவட்டைக் கம்பு மாதிரி இரண்டாகப் பிரிகிறது. இரண்டிலும் நகம் உண்டு, இரண்டும் மடங்கும், இரண்டிலும் வலிக்கும். இப்போது இரண்டிலும் வியர்த்திருந்தது.

அந்த வார்த்தையை அவளுக்கு இவர்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லூரி இரண்டாம் வருஷத்திலேயே தெரியும். தாவரவியல் ஆய்வகத்தில் வெட்டுக்காயப் பூண்டைப் பறித்துவந்து, கடுகளவு பூவைக் குண்டூசியால் பிரித்து, லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தபோது சூலகத் தண்டின் உச்சி இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் சுருண்டிருந்தது. ஹெப்சிபா மேடம் ஒவ்வொரு மேஜையாக வந்து சொன்னார்: "சூலகமுடி பைஃபிட்னு எழுதலைன்னா ஒரு மார்க் போச்சு, பிள்ளைகளா. அந்தக் குடும்பத்துக்கே அதுதான் அடையாளம்." முத்துப்பேச்சி பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். இடதுகைக்காரியான அவளுக்குப் பென்சில் அந்தக் கவையில்தான் உட்காரும், இரண்டு பக்கமும் அணை கொடுத்தது போல ஆடாமல் நிற்கும். வகுப்பிலேயே அவள் கோடுதான் சுத்தம். மேடம் வரைபடத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். அடுத்த மேஜைக்குப் போனார். அன்றைக்கு விடுதிக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வார்த்தையைச் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்தாள். பைஃபிட். அதற்கு முன்னால் அவள் விரலுக்கு ஊரில் இருந்த பெயர்கள் வேறு. பள்ளிக்கூடத்தில் நண்டு. தெருவில் ஆறு விரலு. பெண் பார்க்க வந்தவர்கள் போன பிறகு சித்தி சொன்னது, 'அந்தக் கோளாறு'. முதல்முறையாக ஒரு வார்த்தை அவளைக் கேலி செய்யாமல், பரிதாபப்படாமல், இருப்பதை இருக்கிறபடி சொன்னது. பூவுக்குச் சொன்னது போலவே. அவளுக்கென்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை இருந்ததென்றால் அது அதுதான். அதைப் போய், வேறு வார்த்தையே அகப்படாதது போல, அதைத்தானா எடுத்துக் குறை என்ற கோட்டுக்கு மேல் எழுத வேண்டும்? நண்டு என்று எழுதியிருந்தால்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

கைபேசியில் அகராதியைத் திறந்தாள். மூன்று வாரத்தில் எத்தனையாவது தடவை என்று தெரியாது. பெயரடை. ஆழமான பிளவினால் இரண்டு பகுதிகளாகப் பிரிந்த. அவ்வளவுதான் பொருள். கீழே எடுத்துக்காட்டுகள். பாம்பின் நாக்கு. ஒரு பூவின் இதழ். ஏதோ ஒரு தாவரத்தின் இலை நுனி. பிறவியில் மூடாத முதுகெலும்பு. எடுத்துக்காட்டு எழுதியவனுக்குப் பாம்பு தெரிந்திருக்கிறது, இலை தெரிந்திருக்கிறது; காலையில் பல் தேய்த்து, பஸ் ஏறி, கிரிக்கெட் பந்தை எறிகிற ஒரு பெண்ணின் கை அவன் கண்ணில் படவில்லை. பாம்பிடம் போய் உன் நாக்கில் எந்த நுனி கூடுதல் என்று எவனாவது கேட்டிருக்கிறானா? கேட்டால் கொத்தும். அதே வார்த்தைக்கு அக்கா தங்கை மாதிரி இன்னொரு வார்த்தை உண்டு, அதைச் சர்க்காரே ஓயாமல் சொல்கிறது, பைஃபர்கேஷன். மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள், பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். தாலுகாவைப் பிரித்தார்கள், இனிப்புக் கொடுத்தார்கள். ரேஷன் கார்டைப் பிரித்துத் தாருங்கள் என்று பெரியப்பா ஒரு வருஷம் அலைந்தார். எதையும் யாரும் தகுதியில்லை என்று சொல்லவில்லை. சர்க்கார் பிரித்தால் நிர்வாக வசதி, தாய் வயிற்றில் பிரிந்தால் விதிப்படி ஊனம்.

"உங்களுக்கு என்னக்கா சொன்னாங்க?" பக்கத்து நாற்காலிப் பெண் கேட்டாள். பெயர் ஜெபராணி என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். முத்துப்பேச்சி கையைத் தூக்கிக் காட்டினாள். ஜெபராணி கூச்சமில்லாமல் குனிந்து பார்த்தாள். "ஐய, நல்லாத்தான இருக்கு. எனக்கு முட்டி இடிக்குதாம்." "எதுல இடிக்குது?" "ஒண்ணோடொண்ணு. நேரா நின்னா முட்டி ரெண்டும் தொட்டுக்குதாம், பாதம் சேர மாட்டேங்குதாம். என் முட்டி, நான் இடிச்சுக்கிடுதேன், இவங்களுக்கு எங்க வலிக்கு?" முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. ஏனென்றால் எதிர்ச் சுவரோரம் அவள் அப்பா ஆவுடையப்பன், காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெரியவரிடம் ஆட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தும் ஆடுதான். வெள்ளாட்டுக்குப் பல் பார்க்கக் கூடாது அண்ணாச்சி, விலாவைத் தொட்டுப் பாக்கணும் என்கிறார். மகளின் வாழ்க்கை கதவுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது, இவர் விலாவைத் தொடுகிறார்.

அவர் சனிக்கிழமைச் சந்தையில் ஆட்டுத் தரகர். நாற்பது வருஷத் தரகு. சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்குள் போகும், எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை ஆயிரம், பாதி விரலைப் பிடித்தால் ஐந்நூறு. சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் எதுவும் தெரியாது. அந்தச் சந்தைக்கு நாலு வயதிலிருந்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். முதல் ஆட்டை அவள் தொட்டால் அன்றைக்கு வியாபாரம் ஓடும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஆவுடையப்பன் மக கை ராசிக்கை. வரிசையாக வருவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நாறுகிற விடியலில், மீசைக்காரர்கள் குனிந்து அவள் விரலைத்தான், அந்த வெளிப்பக்கம் பிரிந்து நிற்கிற நுனியைத்தான், இரண்டு விரலால் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சிலர் கை சொரசொரப்பு. ஒருவருக்குச் சுருட்டு நாற்றம். ஏன் அந்த நுனியை மட்டும்? அவர்களுக்கு அது கூடுதல். சாமி போனால் போகட்டும் என்று போட்டுக்கொடுத்த கொசுறு. பன்னிரண்டு வயதில் பெரிய மனுஷியானாள், ராசி நின்றது. அதன் பிறகு அதே விரலைத் துப்பட்டாவுக்குள் வை என்றார்கள். பெண் பார்க்க வந்த அன்று தட்டை வலது கையில் தாங்கு, இடது கையை அடியில் கொடு, தட்டு மறைச்சிக்கிடும் என்று அம்மா சொல்லித்தந்தாள். தட்டில் இருந்த பலகாரத்தை எடுக்க மாப்பிள்ளையின் அக்கா வந்தாள், தட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். குனிந்தே பார்த்தாள். அன்றைக்கு அந்தத் தட்டை அவள் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. அதற்குப் பதிலாக மறுநாள் காலையிலிருந்து மைதானத்தில் ஓட ஆரம்பித்தாள்.

இரண்டு வருஷம். எழுத்துத் தேர்வு, உயரம் அளந்தது, ஓட்டம், நீளம் தாண்டுதல், பந்து எறிதல். பந்தை இந்த இடது கையால்தான் எறிந்தாள். பிரிந்த இரண்டு நுனியும் பந்தின் தையலை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும், விடும்போது ஒரு சுண்டு சுண்டும். அளவு நாடாவைப் பிடித்திருந்த பெண் ஏட்டு, "எங்கட்டி போட்ட, காம்பவுண்டுக்கு வெளியவா?" என்று கேட்டார். அன்றைக்கு மைதானத்தில் நின்ற அத்தனை சீருடைக்காரர்களும் பந்து விழுந்த இடத்தைப் பார்த்தார்கள், எறிந்த கையை ஒருவரும் பார்க்கவில்லை. அதுதான் சரி. அப்படித்தான் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு அறை, ஒரு வெள்ளைக் கோட்டு, நாலு நொடி. ஒரு நுனியை எடுத்துவிட்டு வா என்று இன்றைக்குச் சொல்வார்களோ? சொல்வார்கள். ஜெபராணிக்குத் தெரிந்த ஒருத்திக்குச் சதை வளர்ந்த மூக்கை அப்படித்தான் சொன்னார்களாம். இரண்டு நுனிகளையும் ஒன்றோடொன்று அழுத்தினாள். குழந்தையிலிருந்து உள்ள பழக்கம், பயந்தால் அவை தாமாகவே ஒன்றையொன்று தேடும். ஒன்று போனால் மற்றது எதைத் தேடும்? கையில்லாதவர்களுக்கு இல்லாத கை அரிக்கும் என்று எங்கேயோ படித்திருக்கிறாள். இல்லாத நுனி அரித்தால் எங்கே சொரிவது? காற்றையா? ஸ்பிரிட் வாசனை வந்தது. ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போனது. கைக்குழந்தையாக இருந்தபோதே முடித்திருக்க வேண்டிய வேலை. அப்போது வெட்டியிருந்தால் தையல் தழும்புகூட இன்றைக்குத் தெரியாது. செய்தார்களா? ராசி போயிரும் என்று விட்டுவிட்டார்கள். அம்மா அப்படித்தான் சொன்னாள். சந்தைக்கு ஒரு ராசி வேண்டும் என்பதற்காக ஒருத்தியின் கையை அப்படியே விட்டுவைத்தார்கள்.

தலையை நிமிர்த்தியபோது அப்பாவைச் சுவரோரம் காணவில்லை. மருத்துவக் குழு அறைக் கதவருகே நின்றார். பெயர் கூப்பிடுகிற ஊழியர், நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசிய மனிதர், கையில் பட்டியலோடு வெளியே வந்திருந்தார். அப்பா தோளிலிருந்து துண்டை எடுத்தார். முத்துப்பேச்சிக்குப் புரிவதற்கு ஒரு கணம் பிடித்தது. புரிந்த கணத்தில் எழுந்துவிட்டாள், ஆனால் நேரம் கடந்திருந்தது. அப்பா ஊழியரின் வலது கையைப் பிடித்து, துண்டை அதன் மேல் போர்த்தி, உள்ளே தன் கையையும் நுழைத்துவிட்டார். முகத்தில் சந்தை முகம், வேறெங்கோ பார்க்கிற முகம்.

"யோவ், என்னய்யா கையப் பிடிக்கிற?"

"அண்ணாச்சி, சத்தம் வேண்டாம். நீங்க பிடிங்க. எத்தனைன்னு நீங்களே பிடிங்க."

"எதப் பிடிக்க? எதுக்குய்யா துண்டப் போடுத? கூசுதுய்யா, விடு!"

ஊழியர் கையை உதறினார். துண்டு கீழே விழுந்தது. வராந்தா முழுக்கத் திரும்பியது. மாவுக்கட்டுப் பெரியவருக்கு மட்டும் விஷயம் விளங்கிவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பில் குலுங்கினார். கதவு பாதி திறந்து உள்ளேயிருந்து ஒரு பெண் டாக்டரின் முகம் எட்டிப் பார்த்து, "சங்கரபாண்டி, என்ன சத்தம்?" என்றது. ஊழியர் சங்கரபாண்டி கீழே கிடந்த துண்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ஓடிவந்து நின்ற முத்துப்பேச்சியைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லில் அவளுடைய இரண்டு வருஷமும் இருந்தது. "ஒண்ணுமில்ல மேடம்," என்றார் அவர். "ஒரு பெரியவருக்குக் கிறுகிறுன்னு வந்துட்டு, என்னப் பிடிச்சுக்கிட்டாரு." கதவு மூடியது. "ஏம்மா, உங்க அப்பாவா? கீழ கூட்டிட்டுப் போ. இன்னொரு வாட்டி என் கையப் பிடிச்சாருன்னா நான் பொறுப்பில்ல."

மாடிப்படித் திருப்பத்தில், செத்த பல்புக்கு அடியில், அவள் கத்தவில்லை. கத்தினால் மேலே கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "எல்லாத்தையும் ஆடுன்னு நெனச்சியாப்பா? நான் என்ன கெடாக்குட்டியா, துண்டப் போட்டு விலை பேசுத? உள்ள தெரிஞ்சா என்னை அடிச்சு வெளிய வெரட்டுவாங்க, தெரியுமா தெரியாதா?" அப்பா துண்டிலிருந்த தூசியைத் தட்டினார். "எனக்குத் தெரிஞ்சது அதானட்டி." "உனக்குத் தெரிஞ்சது! உனக்குத் தெரிஞ்சதெல்லாம் ராசி. சின்னப் பிள்ளைல இதை வெட்டி எறிஞ்சிருந்தா இன்னிக்கு நான் இங்க வந்து உக்காரணுமா? ராசி போயிரும்னு விட்டீங்கள்லா. ராசி! நல்லா இருங்க." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். இந்த வாக்கியத்தை அவள் பத்து வருஷமாக உள்ளே வைத்திருந்தாள். வெளியே வந்தால் லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை.

அப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டார். பிறகு, "ராசின்னு சொன்னது ஊர்க்காரன்," என்றார். "நானும் ஆமான்னுட்டேன். கேக்கவனுக்கு ஒரு பதில் வேணும்லா." பதினோராம் மாதத்தில் அவளை ஆபரேஷனுக்கே கொண்டுபோயிருந்தார்களாம். பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், குழந்தை விடிய விடிய அழுததாம். காலையில் டாக்டர் வந்து குழந்தையின் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. எதை எடுக்கட்டும், நீங்களே சொல்லுங்க," என்று கேட்டாராம். "நான் பாத்தேன். ஒண்ணத் தொட்டேன், மடக்குன. இன்னொண்ணத் தொட்டேன், அதையும் மடக்குன. ரெண்டாலயும் என் விரலப் பிடிச்சுக்கிட்ட. எதைன்னு சொல்ல? ஒரு ஆட்ட இருட்டுல தொட்டு எடை சொல்லுவேன் நானு. எனக்கு வாய் வரல. வாரேன்னு சொல்லிட்டு உன்னத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன்." அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மேலே வந்து உட்கார்ந்தாள். இளகுவோம் என்று எதிர்பார்த்தாள், இளகவில்லை. ராசி என்றால் மடத்தனம், மடத்தனத்தை மன்னித்துவிடலாம். இது மடத்தனம்கூட இல்லை. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஒரு மனிதருக்கு ஒரு காலையில் வாய் வரவில்லை என்பதால் இருபத்துநாலு வருஷம். ஆனால் அவர் பார்த்தது சரிதானே என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது, அதைத் தள்ளினாள், அது திரும்பி வந்தது. ஆழமான பிளவினால் இரண்டாகப் பிரிந்த. அகராதி சேர்ந்த என்று சொல்லவில்லை, ஒட்டிய என்று சொல்லவில்லை, கூடிய என்று சொல்லவில்லை. ஒன்று இரண்டாகியிருக்கிறது. ஆறு விரல் என்று அவளை அழைத்த ஊர் முழுக்கத் தப்பு. அவளுக்கு ஐந்துதான். சூலகமுடி பைஃபிட் என்று எழுதிவிட்டு, அதில் ஒரு கிளையைப் பிய்த்துப் போடு என்று ஹெப்சிபா மேடம் சொன்னதில்லை. பிய்த்தால் அது அரைச் சூலகமுடி. அந்த டாக்டர் ஆறாவது விரல் என்று எழுதாமல் சரியான வார்த்தையை எழுதினாரே, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியுமா? தெரிந்தே எழுதினாரா, பழக்கத்தில் எழுதினாரா? தெரிந்து எழுதியிருந்தால் இன்னும் மோசம். ஜெபராணி உள்ளே போய் வந்துவிட்டாள். பையை எடுத்துக்கொண்டாள், முகம் வேறு பக்கம் இருந்தது. "அக்கா, வாரேன்," என்றாள். முட்டி இடிக்க நடந்து போனாள். நன்றாகத்தான் நடந்தாள்.

"முத்துப்பேச்சி, த.பெ. ஆவுடையப்பன்!"

அறைக்குள் குளிர்ச்சி. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், எலும்பு டாக்டர், வழுக்கை. அவருக்கு இடப்பக்கம் எட்டிப் பார்த்த பெண் டாக்டர். வலப்பக்கம் கணினிக்கு முன்னால் ஓர் இளைஞர். தலைவர் காகிதத்தைத்தான் முதலில் பார்த்தார். "எக்ஸ்ட்ரா தம்ப். சின்ன விஷயம்மா இது. எடுத்துட்டு வந்திரு. ஆறு வாரத்துல ஆறிடும், தகுதின்னு எழுதிடறோம். இங்கயே இலவசமா பண்ணிடுவாங்க." ஓர் அச்சடித்த தாளை நகர்த்தினார். கூடுதல் விரல் நீக்கச் சம்மதம் என்று மேலே இருந்தது. அவள் தாளைத் தொடவில்லை. "சார், இந்தக் கையால எனக்கு எல்லா வேலையும் வரும். பந்து எறிதல்ல முழு மார்க். எதைத் தூக்கணும், எதைப் பிடிக்கணும்னு சொல்லுங்க, செஞ்சு காட்டுதேன்." "நம்புறேன்மா. ஆனா விதியில ஒரு பட்டியல் இருக்கு. அந்தப் பட்டியல்ல இந்த வார்த்தை இருக்கு. நான் அடிக்க முடியாது." அவர் குரலில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. அதனால்தான் அவளுக்குக் காது சூடேறியது. கெட்டவன் என்றால் முட்டிப் பார்க்கலாம். பட்டியலை எங்கே முட்டுவது?

"சார், அந்த வார்த்தைக்கு எக்ஸ்ட்ரான்னு அர்த்தம் இல்ல."

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

"ஒண்ணு ரெண்டா பிரிஞ்சிருக்குன்னு அர்த்தம். நீங்க எழுதுனதுதான். எக்ஸ்ட்ரான்னா எது எக்ஸ்ட்ரான்னு காட்டுங்க, இப்பவே கையெழுத்துப் போடுதேன்." கையை மேஜை மேல் வைத்தாள். வேண்டுமென்றே தாளின் மேல் வைத்தாள். இளைஞர் எழுந்து எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, "வெளிப்பக்கம்தான் சார், வழக்கமா அதைத்தான் எடுப்போம்," என்றார். பெண் டாக்டர் அவள் விரலைப் பிடித்து மடக்கி, "இல்ல சார், இங்க பாருங்க, வெளிப்பக்கத்துலதான் பலம் இருக்கு. உள்பக்கம் லேசா சாயுது," என்றார். தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஒன்றைத் தொட்டார், மடக்கினாள். மற்றதைத் தொட்டார், மடக்கினாள். படத்தைப் பார்த்தார். எலும்பு அடியில் ஒன்றாகவும் மேலே இரண்டாகவும், இரண்டும் ஒரே கனத்தில் நின்றது. மூன்று தலைகள் அவள் கையின் மேல் குனிந்திருந்தன. ஒருவர் உச்சந்தலையில் தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது. "ம்," என்றார் தலைவர். பிறகு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. உனக்கு எது வேணும்?"

வெளியே யாரோ இருமினார்கள். மின்விசிறி மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும். "வெளியில இருக்கறத எடுங்க," என்றாள்.

"ஏன்?"

"அதுல நகம் கோணலா வளரும். துப்பட்டாவுல மாட்டிக்கிடும். வாரம் ரெண்டு தடவை வெட்டணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொன்ன பிறகுதான் அது எவ்வளவு என்று தெரிந்தது. பதில் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. இந்தக் கையை அவளைவிட யாருக்குத் தெரியும்? சந்தைக்காரனுக்குத் தெரிந்தது, சித்திக்குத் தெரிந்தது, மாப்பிள்ளையின் அக்காவுக்குத் தெரிந்தது, பச்சை மைக்குத் தெரிந்தது; அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. பதினோரு மாதத்தில் அவளால் சொல்லியிருக்க முடியாது, சரி. பத்து வயதில் கேட்டிருக்கலாம். பதினைந்தில், இருபதில் கேட்டிருக்கலாம். வேண்டுமா, வேண்டாமா, வேண்டாமென்றால் எது? மூன்று கேள்வி. அப்பா ஒருவரே எல்லா வருஷமும் தனியாக அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைந்தாராம், பாவமாம். பக்கத்தில் சோற்றைப் பிசைந்து அந்தக் கையாலேயே தின்றுகொண்டு, அந்தக் கைக்குச் சொந்தக்காரி உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை, எதையாவது ஓங்கி எறிய வேண்டும் போலிருந்தது. வேலை வேண்டும். இந்த மூன்று பேருக்கு எதிரே சீருடையோடு ஒருநாள் வந்து நிற்க வேண்டும். அதற்கு ஒரு பாதியைக் கொடுக்க வேண்டுமென்றால் கொடுப்பாள், ஆனால் கொசுறு என்று எழுதிக் கொடுக்க மாட்டாள்.

"சார், இதுல கூடுதல் விரல்னு இருக்கு. அதை அடிச்சிட்டு எழுதுங்க. இடது பெருவிரல்ல வெளிப் பாதின்னு."

"ஃபார்ம் அச்சடிச்சதும்மா," என்றார் இளைஞர்.

"அடிச்சு எழுதலாம்ல சார்? எழுதுனாத்தான் போடுவேன்."

தலைவர் பேனாவைத் திறந்தார். இரண்டு வார்த்தைகளின் மேல் கோடு இழுத்து, மேலே சிறிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் போட்டார். படித்துப் பார்த்துவிட்டு அவளும் போட்டாள். "நீங்க என்ன படிச்சீங்க?" என்று பெண் டாக்டர் கேட்டார். "தாவரவியல்," என்றாள். அதற்குமேல் பேசினால் எதையாவது கொட்டிவிடுவோம் என்று தோன்றியது. வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அப்பா நின்றுகொண்டிருந்தார். சங்கரபாண்டி அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருந்தார், அதைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். "என்னட்டி சொன்னாவ?"

"ஆறு வாரம். எடுத்துட்டு வந்தா வேலை. கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் டம்ளரைச் சன்னல் திட்டில் வைத்தார். அவர் உதடு அசைந்தது. என்ன கேட்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். அவள் பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது டாக்டர் அவரிடம் கேட்ட அதே கேள்வியை இப்போது அவரே கேட்க வேண்டியிருந்தது.

"எதை?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கலாம், அவர் வழியில் கொய்யாப்பழம் வாங்கித் தந்திருப்பார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இருபத்துநாலு வருஷமாகப் பதில் வராத முகம் இப்போது பதிலுக்காக நின்றது.

"சொல்ல மாட்டேன்."

"ஏட்டி, பேச்சி..."

அவள் படியிறங்கினாள். பின்னால் அவர் செருப்பு இரண்டு படி தள்ளி வந்தது, திருப்பத்தில் நின்றது, மறுபடி வந்தது. முதல் மாடியில் ஒருமுறை, "உள்பக்கமா?" என்றார். தரைத்தளத்தில் மருந்துச் சீட்டு வரிசையைத் தாண்டும்போது, "வெளிப்பக்கத்தையா?" என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் கேட்டார். வெயிலுக்குள் இறங்கும்போது அவள் நின்றாள், திரும்பவில்லை.

"கட்டுப் பிரிக்கிற அன்னிக்கு வந்து பாத்துக்கோ."